ஐந்து மணிக்குள் அழுந்த வேண்டிய பொத்தான்

ஷட்டர் இறங்கும் சத்தம். எந்த ஊரில் எந்தக் கடையில் இறங்கினாலும் சரி, தகடு தகடாகச் சுருள் அவிழ்ந்து சிமெண்டில் வந்து மோதும் அந்தக் கடைசி அடி என் இடது தோளைத் தூக்கிவிடும். கழுத்து தானாக உள்ளே போகும். பொள்ளாச்சியில் துணிக்கடை வாசலில் நிற்பேன், பாலக்காட்டில் மருந்துக்கடையைத் தாண்டிக்கொண்டிருப்பேன். யாரோ மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்துகிறார், அவ்வளவுதான். எனக்கோ அது ஒரு மாசி மாதச் செவ்வாய்க்கிழமை, மூன்று மணியிலிருந்து ஐந்து வரை.

கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில் எனக்கு ஒரு ஆன்லைன் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், அடிக்கடி இருமும் ஒரு பிரிண்டர். பக்கத்தில் டயர் கடை. வருமானச் சான்று, சாதிச் சான்று, கிணற்று மோட்டாருக்குக் கரண்ட், வேலைக்கு மனு என்று அரசாங்கத்திடம் எதைக் கேட்பதானாலும் என் கடைக்கு வருவார்கள். கேட்கும் பக்கங்கள் மலையாளத்தில் இருக்கும். வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ் மட்டும் படித்தவர்கள். அதனால் இரண்டு கம்ப்யூட்டரிலும் பிரவுசரில் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். மலையாளப் பக்கம் எது திறந்தாலும், என்னைக் கேட்காமலே அது தமிழாக மாறிவிடும். கோணல் தமிழ்தான். ஆனாலும் தன் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் தன் கண்ணால் படித்துவிட்டுத் தலையாட்டும்போது எனக்குள் ஒரு கர்வம் ஏறும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எல்லாம் நிரப்பி முடித்தபின் கடைசிப் பொத்தானை நான் அழுத்தமாட்டேன். மவுஸை அவர்கள் பக்கம் தள்ளுவேன். கேட்கிறவர் கைதான் அழுத்த வேண்டும். அது ராசி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் எனக்குப் பயம். கிடைக்காமல் போனால் உன் கைதான் என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம்.

அன்று அவள் வந்தபோது காற்று தெருவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கணவாய் வழியாக வரும் மாசிக் காற்றுக்கு மலையில் பட்ட கோபம் முழுவதையும் எங்கள் ஊரில் இறக்கிவைக்கிற பழக்கம். டயர் கடையின் தகரப் பலகை அடித்துக்கொண்டது, குப்பைக் காகிதங்கள் ஆள் உயரத்துக்கு எழுந்தன. அதற்குள்ளிருந்து அவள் வந்தாள். என் தம்பியின் மனைவி. மேல் உதடு பிளந்து, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. வலது ஆட்காட்டி விரல் பீர்க்கங்காய் மாதிரி வீங்கி ஒரு பக்கமாய்த் திரும்பியிருந்தது.

"மதினி, இன்னைக்கு அஞ்சு மணி வரைக்குந்தான்," என்றாள். சேலைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்த சான்றிதழ்களை எடுத்து மேசையில் வைத்தாள். வியர்வையில் நனைந்திருந்தன.

அவள் கேரளத்து இடுக்கி மலையிலுள்ள வண்டிப்பெரியார்க்காரி. அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை, எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பு. கோயம்புத்தூரில் நர்ஸாக இருந்தபோது, பைக்கிலிருந்து விழுந்து அங்கே கிடந்த என் தம்பிக்குக் கட்டுப் பிரித்தவள். பிரித்த கட்டு கல்யாணத்தில் வந்து முடிந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே கழுத்திலிருந்த சிலுவை போனது, அடுத்த மாதம் வேலை போனது. அப்புறம் அடி.

என் கணவர் இறந்தபின் நான் பிறந்த வீட்டின் கிழக்கு அறைக்குத் திரும்பியிருந்தேன். அவர்கள் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். மூன்று வருடம் அந்தச் சுவர் வழியாக எல்லாம் கேட்டது. தலை சுவரில் இடிக்கும் சத்தத்துக்கும் பாத்திரம் விழும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியும் அளவுக்குக் கேட்டேன். மின்விசிறியை ஐந்தில் வைப்பேன். காலையில் அவளிடம், "கோவக்காரன் அம்மிணி, மனசு பூ மாதிரி," என்பேன். அந்த வாயை இன்று நினைத்தாலும் கழுவவேண்டும் போலிருக்கிறது.

அவளுக்கு ஒரு வழி வந்திருந்தது. தோட்டப் பகுதி ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள். வேலையோடு தங்க ஒரு குவாட்டர்ஸும் உண்டு. அந்தக் குவாட்டர்ஸ்தான் முக்கியம். அப்பா அம்மா ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் அவள் போய் நிற்க ஒரு துண்டு நிலம் இல்லை. அன்று காலை அந்த மனுவைப் பற்றித் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். அவன் போனைப் பிடுங்கிக்கொண்டு, விரலைப் பின்பக்கமாக மடக்கியிருக்கிறான்.

"இந்த விரலாலதான மனு போடுவன்னு கேட்டுக் கேட்டு மடக்குனாக," என்றாள். அடித்தவனுக்கு மரியாதை குறையாத பேச்சு. அவள் ஊர்ப் பழக்கம் அப்படி.

உட்காரவைத்தேன். சான்றிதழ்களை ஸ்கேன் செய்தேன். போட்டோ எடுக்க முடியாத முகம், பழைய கோப்பிலிருந்து கல்யாணத்துக்கு முந்திய முகத்தை எடுத்து ஒட்டினேன். அவளிடம் போன் இல்லாததால் என் எண்ணைக் கொடுத்தேன். மூன்றே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. மவுஸை அவள் பக்கம் தள்ளினேன். இடது கையால் பிடித்து அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பொத்தான் பச்சையாகப் பளபளத்தது. 'சமர்ப்பிக்கவும்' என்று தமிழில் சிரித்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி. நான் பிடுங்கி அழுத்தினேன். எத்தனை பேருக்குப் போட்டுக்கொடுத்த மனுக்கள். போன வாரம்கூட இதே தளத்தில் ஒரு பெண்ணுக்கு ஒழுங்காகப் போனது. இப்போது குத்தினாலும் அசையாத பிணம் மாதிரிக் கிடந்தது.

மவுஸ் கெட்டுவிட்டதென்று வேறு மவுஸ் மாட்டினேன். இணையம் நின்றதென்று மோடத்தை அணைத்துப் போட்டேன். பக்கத்தைப் புதுப்பித்தேன், நிரப்பியதெல்லாம் அழிந்து வெறும் கட்டங்கள் வந்தன. முதலிலிருந்து நிரப்பினோம். அழுத்தினாள். இல்லை. பிரவுசர் சேர்த்துவைத்திருந்த பழைய குப்பையையெல்லாம் துடைத்தேன். மறுபடி நிரப்பினோம். இல்லை. இரண்டாவது கம்ப்யூட்டருக்கு ஓடினேன். அதிலும் அதே பிரவுசர், அதே பச்சை, அதே ஊமை. உதவி எண்ணுக்குப் போட்டால் ஒரு பெண்குரல் மலையாளத்தில் நன்றி சொல்லிவிட்டு மௌனமானது.

"தளமே படுத்துருச்சு அம்மிணி," என்றேன். எவ்வளவு தப்பான முடிவு. ஆனால் அப்போது அதை ஒரு வைத்தியர் மாதிரிச் சொன்னேன்.

என் போன் அடித்தது. தம்பி.

"ஏனுங்க்கா, அவ அங்க வந்தாளுங்களா?"

"இல்லியே சாமி. ஏன்?"

"ஒண்ணுமில்லீங்க்கா. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"செரிங்க்கா. வெச்சரட்டுங்களா."

என்னிடம் அவன் ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. மூத்தவள் என்று எழுந்து நிற்பான். மரியாதை தெரிந்த பையன் என்று ஊரே சொல்லும். அந்த 'ங்க' அவன் நாக்கில் வெல்லம் மாதிரி இருக்கும், கை வேறு வேலை செய்துகொண்டிருக்கும்.

மணி நாலு பத்து. அவள் எழுந்தாள். சான்றிதழ்களை அடுக்கினாள். குரலில் ஈரமே இல்லை.

"போதும் மதினி. எனக்கு விதிச்சது இவ்வளவுதான். அவுக தேடி வாறதுக்கு முந்தி நானே போயிருதேன். போய் கால்ல விழுந்தா இன்னைக்கு ஒரு நாளைக்காவது விட்ருவாக."

அறைந்தேன்.

கை எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. கன்னத்தில் விழுந்த சத்தம் சுவருக்கு அந்தப்பக்கம் மூன்று வருடமாய்க் கேட்ட சத்தம். அதே கனம், அதே கூர்மை. காய்ந்திருந்த உதடு மறுபடி பிளந்து சான்றிதழ் மேல் ஒரு துளி சொட்டியது. அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்திருந்தாள், பழகிய உடம்பு காத்திருக்கிற மாதிரி. அதைப் பார்த்துத்தான் என் கையைப் பார்த்தேன். எங்கள் அப்பனின் அடிக்கிற கையைத் தம்பி ஒருவன்தான் வாங்கிவந்தான் என்று நினைத்திருந்தேன். நானும் பங்கு வாங்கியிருக்கிறேன். இத்தனை நாள் அடிக்க ஆள் வாய்க்காததால் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். தெருவில் பைக் வந்து நின்றது. சைலன்சர் ஓட்டையான அவன் பைக். இருபதடி தூரத்தில் இறங்கி ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்துவிட்டான்.

கதவைத் திறந்து, எட்டிப் பிடித்து ஷட்டரை இழுத்தேன். இறங்கியது. அந்தச் சத்தம். உள்பக்கம் கொண்டியைப் போட்டேன். மோதிய வேகத்தில் ஷட்டர் சற்று எழும்பியிருந்ததால் கொண்டி பாதிதான் விழுந்தது, கீழே நாலு விரற்கடை இடைவெளி நின்றுவிட்டது.

"அக்கா, தொறங்க."

"நீ ஊட்டுக்குப் போ சாமி. அப்பறம் பேசலாம்."

"உள்ள இருக்கறது எம் பொண்டாட்டிங்க. உங்களை ஒண்ணும் பண்ணமாட்டனுங்க. தொறந்து உட்ருங்க, கூட்டிட்டுப் போயர்றேன்."

உதைத்தான். ஷட்டர் முழுவதும் உள்நோக்கி வளைந்து திரும்பியது. மேல் பெட்டியிலிருந்து வருடக்கணக்கான தூசி எங்கள் தலையில் கொட்டியது. இருட்டு. இரண்டு திரைகளின் வெளிச்சம் மட்டும். வெளியே டயர் கடைக்காரர் குரல் கேட்டது.

"ஏனப்பா, ஊட்டு விசயத்த ஊட்டுல வெச்சுக்கறதுதான?"

"நீங்க டயரக் கழட்டுங்க மாமா," என்றான் தம்பி.

அப்புறம் இரும்பு. டயர் நெம்பும் கம்பியை எடுத்துவிட்டான் போலிருக்கிறது. தகட்டில் ஒவ்வொரு அடியும் எங்கள் பல்லில் விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் என் காதருகே குனிந்து கேட்டாள். "மதினி, இதுல வேற பிரவுசர் இருக்கா? ஆஸ்பத்திரியில ரிப்போர்ட்டு ஒண்ணுல தொறக்காட்டி மத்ததுல தொறப்போம்."

இருந்தது. கம்ப்யூட்டரோடு வந்தது, நான் தொட்டதே இல்லை. அதில் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. திறந்தேன். தளம் வந்தது, பச்சை மலையாளத்தில், ஒரு தமிழ் எழுத்து இல்லாமல். எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வரும். அந்த அவசரத்தில் எழுத்தெல்லாம் கொக்கி கொக்கியாகத் தெரிந்தது.

"எது பேரு, எது பிறந்த தேதி, ஒண்ணும் புடிபட மாட்டீங்குது."

"நான் வாசிக்கேன். நீங்க அடிங்க."

வாசித்தாள். தங்குதடையில்லாமல், ஒரு மலையாளத்து நர்ஸ் மாதிரி. மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அவளுக்கு மலையாளம் படிக்கத் தெரியுமென்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. அவள் கேட்காத ஒரு உதவியை அவள் தலையில் கட்டிவிட்டு, மதியம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

"அப்பா பேரு. கீழ அம்மா பேரு. இப்ப முகவரி."

டங். டங். கொண்டி ஆடியது.

"எந்த முகவரி போட?"

"எங்க லயத்து முகவரி போடுங்க."

"போட்டோ ஏத்தணும்."

"ஏத்துங்க. அடுத்து சத்தியவாங்மூலம். மேல சொன்னதெல்லாம் உண்மைன்னு. அந்தக் கட்டத்துல டிக் போடுங்க."

நாலு நாற்பத்தேழு. என் போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணை உரக்கச் சொன்னேன், அவள் திரும்பச் சொன்னாள், அடித்தேன். அப்போது ஷட்டருக்கு அடியிலிருந்த இடைவெளியில் ஒரு கை உள்ளே வந்தது. தம்பியின் கை. மணிக்கட்டில் கோயில் கயிறு. விரல்கள் தரையைத் தடவிக் கொண்டியைத் தேடின. மேலே வளைந்து அதைத் தொட்டும் விட்டன.

எழுந்துபோய் மிதித்தேன்.

குதிகாலில் முழு உடம்பையும் ஏற்றி மிதித்தேன். காலடியில் ஏதோ முறிந்தது, காய்ந்த சுள்ளி மாதிரி. மறுபடி மிதித்தேன். இரண்டாவது மிதி அந்தக் கொண்டிக்குத் தேவைப்படவில்லை. அதை நான் எனக்காக மிதித்தேன். அதில் ஒரு சுகம் இருந்ததை மறைக்கப்போவதில்லை.

"அக்கா," என்று கத்தினான். அந்த ஒரு முறை 'ங்க' இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அவள் மவுஸை இடது கையில் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அவன் கத்தலுக்குத் தலை திரும்பவில்லை. அழுத்தினாள். வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றியது. பக்கம் மாறி, மேலே நீளமாக ஒரு பதிவு எண் வந்தது.

"போயிருச்சு, மதினி."

பிரிண்டர் இருமி, இருமி, ஒரு தாளைத் துப்பியது.

பொத்தான் ஏன் செத்துக்கிடந்தது என்பதை நான்கைந்து நாள் கழித்துக் கண்டுபிடித்தேன். அந்த வாரம்தான் அந்தப் பக்கத்தைப் புதிதாக அமைத்திருந்தார்கள். புதுப் பக்கம், தான் எழுதிய சொற்களைத் தானே தேடிப் பார்த்துக்கொண்டு ஓடுகிற வகை. என் பிரவுசர் ஒவ்வொரு மலையாளச் சொல்லையும் பிடுங்கி எறிந்து அந்த இடத்தில் தமிழைச் செருகியிருந்தது. தேடியது கிடைக்காமல் பக்கம் உள்ளே உறைந்துபோனது. வெளியே பச்சை மட்டும் பளபளத்தது. அதே தளத்தில் வேறொரு மனுப் பக்கத்தைத் திறந்து மொழிமாற்றத்தை நிறுத்தினேன், பொத்தான் வேலை செய்தது. போட்டேன், நின்றது. நிறுத்தினேன், வேலை செய்தது. பத்துப் பன்னிரண்டு தடவை அப்படிச் செய்துகொண்டே இருந்தேன். யாரையோ கழுத்தைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கிற மாதிரி. பிறகு எழுந்துபோய் முகம் கழுவினேன்.

அன்றைக்கு வெளியே சத்தம் மாறியிருந்தது. கொண்டியை விலக்கி ஷட்டரைத் தூக்கினேன். தூக்கும்போது நெளிந்த தகடு பாதியில் சிக்கியது, குனிந்துதான் வந்தோம். தம்பி தரையில் கிடந்தான். டயர் கடைக்காரர் அவன் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தார். சுமை இறக்கும் ஆட்கள் இரண்டு பேர், ஆட்டோக்காரர் ஒருவர், இன்னும் யார் யாரோ. முக்கால் மணி நேரம் அவன் ஷட்டரை உடைத்துக்கொண்டிருந்தபோது பார்த்துக்கொண்டு நின்றவர்கள், அவன் விழுந்ததும் சுறுசுறுப்பாகிவிட்டார்கள். விலாவில் ஓர் உதை. காதில் ஒன்று. "பொம்பளைகிட்டயா காட்டற?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் மிதித்தார். அவர் வீட்டுச் சுவரும் செங்கல் சுவர்தான், எனக்குத் தெரியும்.

"போதும் உடுங்க," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் சொல்லவும் இல்லை.

தம்பியின் கை மண்ணில் விரிந்து கிடந்தது. அவள் நின்றாள். ஒரே ஒரு பார்வை, ஆஸ்பத்திரி வார்டில் படுக்கை படுக்கையாய்க் கடந்து போகிறவள் பார்க்கும் பார்வை.

"ரெண்டு விரல் ஒடிஞ்சிருக்கு, மதினி. ஐஸ் வைக்கச் சொல்லுங்க. இழுத்து நேராக்க வேண்டாம்னு சொல்லுங்க."

நடந்தாள். நான் பின்னால். காற்று எங்களை முன்னே தள்ளியது, ஜீப் ஒன்று எதிரே வந்து எங்களைத் தாண்டிப் போனது. பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அங்கிருந்து பழனி, திண்டுக்கல், தேனி, கம்பம், குமுளி, அப்புறம் மலை. விடிந்துவிடும். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள். சான்றிதழ்களும் பதிவு எண் அச்சிட்ட தாளும் மடியில். என் விரல் பதிந்த கன்னம் ஜன்னல் பக்கமாக இருந்தது. நாலு விரலும் தனித்தனியாகச் சிவந்து தெரிந்தன.

கண்டக்டர் விசிலடித்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே இரண்டெட்டு நடந்தேன்.

"நா அடிச்சத மனசுல வெச்சுக்காத, அம்மிணி."

"வச்சுக்கிடத்தான் செய்வேன், மதினி. நீங்க இன்னைக்கு அந்த வீட்டுக்குப் போகாதீங்க."